சர்க்கரை இறங்கக் காத்திருந்த காலை

என் தைராய்டை என் உடம்பே தாக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி, நான்தான் சரியில்லை. மலேசியாவில், கோலா கெத்திலில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ என்கிற நூடுல்ஸ் பிரட்டுவது என் வேலை. இரண்டாவது சட்டி இறங்குவதற்குள் உட்கார இடம் தேடுவேன்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். பிறர் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும், என்னைப் பற்றியே ஆனாலும். கேன்டீன் முதலாளி, "பேட்டரி வீக் லா உனக்கு" என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதையே அவர் கொஞ்சம் சத்தமாகச் செய்வார். எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாலாஸ்."

மலாய்க்காரர்கள் சோம்பேறித்தனத்தைச் சொல்லும் சொல் அது. எனக்குக் கோபம் வரவில்லை. அதுதானோ என்ற பயம் வந்தது. நோய் என்றால் மருந்து இருக்கும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரம்மா, தைராய்டைத் தாக்கும் உடம்பு சில பேருக்கு மூளைக்கடியில் இருக்கும் சுரப்பியையும் தொட்டுவிடும் என்றார். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வளர்ந்து முடித்தவர்களுக்கும் தெம்புக்கும் தசைக்கும் அது வேண்டுமாம்.

வீட்டில் சொன்னேன். "நாப்பத்தாறு வயசுல என்னா வளர்ச்சி? வாசக்கால ஒசத்தி வைக்கணுமா?" என்றார் அக்கா.

பரிசோதனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றதால் அவரே வந்தார், ஃபிளாஸ்கில் மைலோ சாக்லேட் பானத்தோடு. எல்லாம் முடிந்தபின் நான் குடிக்க. இன்சுலின் ஏற்றி ரத்தத்தில் சர்க்கரையை இறக்குவார்கள். நன்றாக இறங்கினால் சுரப்பி விழித்துக்கொண்டு ஹார்மோனை அனுப்ப வேண்டும். "வேர்க்கும், நடுங்கும், பயப்படாதீங்க. நான் சொல்ற வரைக்கும் வாயில ஒண்ணும் படக்கூடாது," என்றாள் நர்ஸ். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, திரும்பினாள்.

எனக்கு வேர்க்கத் தொடங்கியது. கை ஆடியது.

"அடியே, வெளுத்துப் போயிட்டியேடி!" அக்கா ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டார். மூடியில் ஊற்றி என் உதட்டில் வைத்தார். கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணமாகி நான் வந்ததிலிருந்து அவர் என் வாயருகே கொண்டுவந்த முதல் மைலோ அது. இரண்டு மடக்கு குடித்தேன்.

நர்ஸ் என் உதட்டைப் பார்த்தாள். "அக்கா! என்ன குடுத்தீங்க?"

"மைலோதாம்மா. சீனி கம்மி."

சர்க்கரை போதுமான அளவு இறங்கியிருக்கவில்லை. பரிசோதனை செல்லாது, மறுபடி தேதி கிடைக்க இரண்டு மாதம்.

திரும்பும் வழியில் அக்கா ஃபிளாஸ்க் மூடியை இறுக்கினார். பிறகு, "அப்பிடி ஆடுறத யாராலயும் நடிக்க முடியாதுல்ல?" என்றார்.

"அது ஊசி செஞ்ச வேலக்கா. யாருக்குப் போட்டாலும் ஆடும்." எனக்குச் சாதகமாக வந்த ஒரே சாட்சியையும் நானே கலைத்தேன்.

இரண்டாம் முறை அக்காவை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ஃபிளாஸ்க் காரிலேயே இருந்தது.

முடிவைக் கேட்க இருவரும் போனோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. சுரப்பி கண்டுகொள்ளவே இல்லை. தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், உயரமெல்லாம் வளராது, தெம்பு வர மாதக்கணக்காகும் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஏதோ இல்லை என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அக்கா முன்னால் சாய்ந்தார். "அப்ப இவ மாலாஸ் இல்லையா டாக்டர்?"

டாக்டரம்மா காகிதத்தை மறுபடி பார்த்தார். "மாலாஸா இல்லையான்னு இதுல தெரியாதும்மா. ஹார்மோன் குறைவு. அது நிச்சயம்."

"போதும்," என்றார் அக்கா.

வீடு வந்ததும் அவரே அரிசி களைந்து உலை வைத்தார். நான் நாற்காலியில் இருந்தேன். எழுந்து வெங்காயமாவது உரிக்கலாமா என்று ஒரு முறை யோசித்தேன். யோசித்ததோடு சரி.