அம்மா, பட்டனை விடுங்கோ!

“தம்பி, என்ரை பிள்ளை காட்டுக்குள்ளை விழுந்தா, இது உடையாமல் இருக்குமோ?”

போன மாதம் ஒஸ்லோவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில், கையடக்க ரேடியோ ஒன்றைத் தூக்கிப் பிடித்து அம்மா கேட்ட கேள்வி இது. தமிழில்தான் கேட்டார். கவுண்டரில் நின்ற நோர்வேஜிய இளைஞன் என்னைப் பார்த்தான். ‘விழுந்தால் உடையுமா?’ என்று மட்டும் மொழிபெயர்த்தேன். பிள்ளை விழுகிற பகுதியை விட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – மார்ச் மாதம் அக்கா போய்விட்டாள். காலையில் வேலைக்குப் போனவள். மூளையில் இரத்தக்கசிவு. திரும்பி வரவில்லை. அப்போது கடிதம் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பதில் போடவில்லை, மன்னியுங்கள். பாதியில் படிப்பை விட்டவள் நான்... அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுத என்னிடம் சொல் இருக்கவில்லை.

அக்கா பஸ் ஓட்டினாள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் கூட வேலை செய்கிறவர்களோடு எல்க் வேட்டைக்குப் போவாள். எல்க் என்றால் குதிரையைவிட உயரமான மான். சொந்தத் துவக்கு, அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எல்லாம் வைத்திருந்தாள். நாங்கள் இருக்கும் புருசெத்தில் சொந்தக்காரர் சிரித்தார்கள். இறைச்சியைப் பங்கு போடும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ஓகஸ்டில் அந்த வேட்டை அணியின் தலைவர் ரூனே எனக்குப் போன் எடுத்தார். காட்டுக்குள் நடந்து எல்க்கைக் கலைத்துவிட ஓர் ஆள் தேவை, துவக்கு வேண்டாம், அக்கா நடந்த இடத்தை நீயும் பார்க்கலாம், வருகிறாயா என்றார்.

அம்மா ஒரே வரியில் முடித்தார். “ஒரு பிள்ளையைக் குடுத்தது காணும், மற்றதையும் குடுக்க ஏலாது.”

நான் அழுதேன். கெஞ்சவில்லை, சும்மா அழுதேன். இரண்டு நாள் கழித்து அம்மாவே அலுமாரியைத் திறந்து அக்காவின் ரேடியோவை எடுத்தார். காட்டில் போன் வேலை செய்யாது. வேட்டைக்காரர் எல்லாரும் இதில்தான் கதைப்பார்கள்.

“இது என்னட்டை இருக்கும். இதோடை கதைக்கிற மாதிரி நீ ஒண்டு வாங்கு. நானும் வருவன்.”

உடனே நெட்டில் ஓடர் பண்ணினேன். பெட்டியில் ‘பன்னிரண்டு கிலோமீட்டர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வந்ததும் குசினியில் அம்மாவுக்கு முன்னால் நின்று “ஹலோ” என்றேன். அக்காவின் ரேடியோ அசையவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் போகிற சாமான் ஒரு மீட்டர் போகவில்லை!

அலைவரிசை வேறு என்று, பிறகு அம்மாவோடு கடைக்குப் போனபோது அந்த இளைஞன்தான் சொன்னான். அந்தத் தூரக்கணக்குகூட வெட்டவெளிக்காம். மரமும் மலையும் வந்தால் பாதியும் தேறாதாம். வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு தூரம் போகும் என்று பிறகு பாருங்கள். யாரோடு கதைக்கப் போகிறீர்கள், அவர்களிடம் இருப்பது எது – அதை முதலில் கேளுங்கள்.

அம்மா கேட்ட மற்றக் கேள்விகளும் எந்த விளம்பரத்திலும் இல்லாதவை. கையுறையோடு பட்டன் அமர்த்த முடியுமோ? குளிரில் பற்றரி இறங்குமோ? (இறங்கும், ஜக்கெட்டுக்குள் வையுங்கள்.) சத்தத்தில் எல்க் ஓடாதோ? (காதில் போடுகிற ஹெட்செட் வாங்குங்கள்.) கடைசியில் அந்த இளைஞன் அம்மாவையே பார்த்துப் பதில் சொன்னான். நான் நடுவில் சும்மா நின்று, அக்காவின் ரேடியோவோடு கதைக்கிற ஒன்றுக்குக் காசு கட்டினேன்.

போன சனிக்கிழமை காலை வேட்டை. அம்மா வேட்டைக் குடிலில் கோழிக்கறிச் சட்டியோடும் அக்காவின் ரேடியோவோடும் இருந்தார். துவக்குக்காரர் ஒரு பக்கம் வரிசையாக நின்றார்கள். நான் மறுபக்கத்திலிருந்து அவர்களை நோக்கிக் கலைத்துக்கொண்டு நடந்தேன்.

பனிமூட்டம் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் மரங்கள் காணாமல் போயின. இடதுபக்கம் கேட்க வேண்டிய ஓடைச் சத்தம் வலதுபக்கம் கேட்டது. நான் எங்கே போகிறேன்? எந்தத் துவக்குக்கு முன்னால்? பட்டனை அமர்த்தி ரூனேயைக் கூப்பிட்டேன்.

ரூனே பதில் சொல்லத் தொடங்கினார்: “நீ இப்போது...”

“ஓம் பிள்ளை.” குடிலிலிருந்து அம்மாவின் குரல்.

“ஓடையிலிருந்து...”

“ஓம்... ஓம்... சொல்லு பிள்ளை.”

உங்களுக்கு விளங்கும். யாராவது கதைத்தால் இடைக்கிடை ‘ஓம்’ போடாமல் எங்களால் கேட்க முடியுமா? போனில் அது மரியாதை. ரேடியோவில் ஒரு நேரம் ஒருவர்தான் கதைக்கலாம். அம்மா ஒவ்வொரு ‘ஓம்’ சொல்ல அமர்த்தியபோதும் ரூனேயின் குரல் செத்தது.

“அம்மா, பட்டனை விடுங்கோ!” என்று கத்தினேன். “ஒண்டும் சொல்லாதேங்கோ. கேளுங்கோ மட்டும்!”

‘கிளிக்’. அம்மா பட்டனை விட்டார்.

பிறகு ரூனேயின் குரல் தெளிவாக வந்தது: எல்லாரும் துவக்கில் இருக்கும் குண்டை எடுங்கள். எடுத்துவிட்டதாக ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். நீ இருந்த இடத்தில் இரு, நான் வருகிறேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை – நான் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக. மார்ச் மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கதைத்தார்கள். விதி என்றார்கள், மனதைத் தேற்று என்றார்கள். எனக்காக ஒரு காடே பேசாமல் இருந்தது அன்றுதான்.

நடுவில் ஒரே ஒரு குரல். ஆர்னே, அணியில் வயதில் மூத்தவர். “எனக்கு முன்னால் பெரிய எல்க் ஒன்று போகிறது. நல்ல வடிவு,” என்றார். குண்டில்லாத துவக்கோடு பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்று வேறு ஒன்றும் அகப்படவில்லை.

ரூனே என்னைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தபோது, குடிலில் அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. நடந்ததை நான் சொன்னதும் முதலில் ஆர்னேவுக்குச் சோறு போட்டார். “கோழிக்கால் ரெண்டும் அந்தத் தம்பிக்குத்தான். பிள்ளைக்காகத் துவக்கை இறக்கினவரெல்லே.”

தம்பிக்கு அறுபத்திரண்டு வயது.

ஆர்னே சாப்பிட்டபடி சொன்னார்: போன வருடம் காட்டில் முழங்கால் பிசகி அவர் விழுந்தாராம். கிட்ட நின்ற அக்கா, வந்துகொண்டிருந்த எல்க்கை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாளாம். இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை.

“என்னவாம்?” என்றார் அம்மா.

இந்த முறை ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா சட்டியை வழித்து மிச்சக் கறியையும் ஆர்னேயின் தட்டில் போட்டார்.

வீடு திரும்பும்போது காரில் மெதுவாகக் கேட்டேன். “அம்மா, வாற சனி கடைசி வேட்டையாம். போகட்டோ?”

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

“போ. போய் அந்தத் தம்பிக்கு ஒரு எல்க் கலைச்சுக் குடுத்திட்டு வா.”