ரிப்பன் வெட்டப் போன வீட்டுக்காரர்

பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு என்பதால்தான் நான் கவுன்சிலர் ஆனேன். ஆனால் போஸ்டரில் என் வீட்டுக்காரர் முகம்தான் பெரியது. என் முகம் மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு. ஜெயித்ததும் சால்வையெல்லாம் அவர் தோளில் விழுந்தது. தெருவில் அவரைத்தான் "கவுன்சிலரே" என்று கூப்பிடுவார்கள். அந்த மனுஷனும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேரூராட்சிக் கூட்டத்தில் நான் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. கோவளத்திலிருந்து மீன் கூடையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் அக்கா ஒருவர், வெயிலில் உட்கார்ந்து விற்பார். சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். "குடிச்சா எங்க போறது கண்ணு? வூட்டுக்குப் போய்த்தான்" என்பார். நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாகக் கட்ட வைத்தேன்.

திறப்பு விழா அன்று வாசல் முழுக்க பேனர். ரிப்பன் கட்ட இடமில்லாமல், அதை உள்கதவில் கட்டிவிட்டார் கான்ட்ராக்டர். கத்தரிக்கோல் வழக்கம்போல என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போட்டோகிராபர் பின்தொடர, விறுவிறுவென்று நடந்தார்.

மீன்கார அக்கா கூடையை வழியில் குறுக்கே வைத்தார்.

"இன்னா அண்ணாத்த, கண்ணு தெர்ல? பெண்கள்னு இம்மாம் பெருசா எழுதிகீது. உள்ள இன்னா வேல உனக்கு?"

"தொறந்து வைக்கத்தான் வந்தேம்மா."

"கவுன்சிலரம்மா தொறக்கட்டும். நீ அப்பால நில்லு." பிறகு போட்டோகிராபரைப் பார்த்து, "நீ எங்க பூந்துகினு வர்ற? நட வெளிய!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். போட்டோ இல்லை, மைக் இல்லை. வெட்டினேன். கூடவே வந்த பெண்கள் கை தட்டினார்கள்.

முதல் ஆளாகப் போய்விட்டு வந்த அக்கா, கையில் தண்ணீர் பாட்டிலோடு வேர்த்து விறுவிறுத்து நின்ற என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார்.

"கவுன்சிலரம்மா வூட்டுக்காரரே, அந்தத் தண்ணி பாட்டில குடு."

கொடுத்தார். கூடையில் பாதி மீன் அப்படியே கிடந்தது, சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா பஸ் ஸ்டாண்ட் நடுவில் நின்று, அண்ணாந்து, பாட்டில் முழுவதையும் மடமடவென்று குடித்து முடித்தார்.