மச்சாள் அச்சில் போடாத நண்டுக் குழம்பு

டீசல் புகையும் நண்டுக் குழம்பும் ஒன்றாக மணந்தால் எப்படி இருக்கும் தெரியுமா...

மூதூரிலிருந்து லோஞ்ச் படகு வந்து அணையும் திருகோணமலை ஜெட்டியடியில் எனக்குச் சாப்பாட்டுக்கடை இருந்த காலம் அது. லோஞ்சின் புகை ஒரு பக்கம், என் சட்டியின் வாசம் மறுபக்கம். இறங்குகிற சனம் வீட்டுக்குப் போகாது. நேரே என் கடைதான். ஒருமுறை வெள்ளைக்காரக் கப்டன் ஒருவன் என் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கப்பலை எடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டான். இரண்டு நாள் துறைமுகமே அசையவில்லை. நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம்.

அப்படிப்பட்ட ஊரில் சாப்பாட்டால் பெயர் எடுத்தது யார்?

ரஞ்சி.

ரஞ்சி என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். சின்ன வயதில் அவளுக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது. பாலைப் பொங்க விட்டு அடுப்பை அணைப்பாள். ஆனால் வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து வாசிப்பாள். வடை எனக்கு, பேப்பர் அவளுக்கு. நான் ஆறாம் வகுப்போடு நின்றேன், பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம். அவள் படித்தாள். கொழும்பில் ஒரு பெண்கள் சஞ்சிகைக்கு டைப் அடிக்கப் போனாள்.

போனவள் டைப் அடித்துக்கொண்டு சும்மா இருந்தாளா...

சண்டையில் பாதை மூடி, சாமான் வராமல் நாங்கள் கிடந்த நேரம், தேங்காய் இல்லாமல் கறி வைப்பது எப்படி என்று அரைப்பக்கம் எழுதினாள். நான் கடையில் அதை உரக்க வாசித்துச் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போனால், என் மனிசி அந்த அரைப்பக்கத்தை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். என் குசினியில்... என் சுவரில்... நான் உயிரோடு இருக்க!

அரைப்பக்கம் முழுப்பக்கமானது. கடைசியில் அந்தச் சஞ்சிகைக்கே ஆசிரியை ஆகிவிட்டாள். கல்யாண வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பார்கள். "ரஞ்சி அக்கா, புட்டு ஏன் இறுகுது?" அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்த நான் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் வேர்த்து வடிய நிற்பேன். ஒரு நாய் கேட்காது.

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. திருகோணமலைச் சாப்பாட்டுக்கு ஒரு சிறப்பிதழ் போடுகிறாளாம், என் நண்டுக் குழம்பும் வேண்டுமாம். அட்டையில் என் படம் வரப்போகிறது என்று ஜெட்டி முழுக்கச் சொன்னேன். தலைக்கு மை அடித்தேன். வெள்ளைச் சேர்ட் போட்டேன். கட்டைபறிச்சானிலிருந்து உயிர் நண்டு எடுப்பித்தேன்.

மச்சாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் சமைப்பவர் சமைக்க வேண்டும். பிறகு அவர் வாயால் சொன்னதை வைத்து, அதே அடுப்பில் அவள் சமைப்பாள். இரண்டும் ஒரே ருசி என்றால்தான் அச்சுக்குப் போகும்.

நான் சமைத்தேன். படம் எடுக்க வந்த பொடியன் கமராவை வைத்துவிட்டுச் சட்டியை வழித்தான்.

"இப்ப சொல்லுங்கோ மச்சான். என்னென்ன போட்டனீங்கள்?"

நீங்களே யோசியுங்கள். வெளியில் அரைவாசி ஜெட்டி நிற்கிறது. புளி, உப்பு, தூள், முருங்கையிலை, அவ்வளவுதான் என்று சொல்லி ஒரு ஆசிரியைக்கு முன்னால் நிற்பதா? கடைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"எழுது. சாதிக்காய், கசகசா, கறுவாப்பட்டை ஒரு கைப்பிடி. பிறகு அந்தக் கப்டன் தந்த துருக்கி மிளகு."

"அது இப்ப இருக்கோ?"

"முடிஞ்சு போச்சு. நீ எங்கட மிளகை ரெண்டு மடங்கு போடு."

அவள் அப்படியே எழுதினாள். சட்டியைக் கழுவிச் சமைத்தாள். மூடியைத் திறந்ததும் நாட்டு மருந்துக்கடை மணம். பொடியனுக்கு இருமல் நிற்கவில்லை. என் மனிசி வாசலில் நின்று, "குழம்போ கசாயமோ?" என்றாள்.

ரஞ்சி கரண்டியை வைத்தாள். "மச்சான், ஒண்டில் நீங்கள் சொன்னது புளுகு, இல்லாட்டி என்ர கை பிழை. எதுவெண்டாலும் இதை அச்சில போடேலாது."

"உன்ர கைதான் பிழை," என்றேன். பின்னே?

இதழ் வந்தது. என் குழம்பு இல்லை. அட்டையில் கிண்ணியா ரீச்சர் ஒருவர் முட்டையும் சர்க்கரையும் அடித்து அவித்த வட்டிலப்பம். வட்டிலப்பம் எல்லாம் ஒரு சாப்பாடா? பல்லுக்கு வேலையே இல்லை. ஜெட்டியில் ஒரு மாதம் என்னைக் கண்டால், "என்ன அண்ணை, அட்டைப்படம் எங்க?" என்றுதான் கதை.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. மூதூர்ச் சனம் பஸ்ஸில் போகிறது. ஜெட்டியடியில் என் கடையும் இல்லை. அவளுடைய சஞ்சிகையும் நின்றுவிட்டது. சரி, இரண்டு பேரும் சமன் என்று பார்த்தால்... அவள் போனைப் பிடித்துக்கொண்டு சமையல் கதைத்தாலே ஆயிரக்கணக்கில் சனம் கேட்கிறது. நான் இங்கே பேஸ்புக்கில் எழுதுவதற்கு விழும் லைக்கில் பாதி வீட்டு ஆட்களுடையது.

போன கிழமை மனிசி போனைக் கொண்டுவந்து காட்டினாள். மச்சாள் நேரலையில் இருக்கிறாள். யாரோ கேட்கிறார்கள், இத்தனை வருசத்தில் உங்களால் போடவே ஏலாமல் போன சமையல் எது என்று.

அவள் சிரித்தாள். என் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், ஜெட்டியடி, கடை, எல்லாம். "அந்த நண்டுக் குழம்பைப் பிறகும் எத்தனையோ தரம் வைச்சுப் பார்த்தனான். வரவேயில்லை. அந்த ருசி இன்னும் நாக்கில நிக்குது."

பார்த்தீர்களா? வட்டிலப்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை!

அடுத்த நாள் அவளே எனக்குப் போன் எடுத்தாள். "மச்சான், இனி அச்சும் இல்லை, ஒண்டும் இல்லை. இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோவன்."

"பாவம், சொல்லிப் போடுங்கோ," என்றாள் மனிசி.

எப்படிச் சொல்வது? சொன்னால் வைத்துவிடுவாள். வைத்துவிட்டால், பிறகு எங்கே என் பெயரைச் சொல்லப் போகிறாள்?

"வந்து சாப்பிட்டுப் போ," என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். இந்தப் பக்கம் அவள் வாசிக்கமாட்டாள், வாசிக்கிற நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

கட்டைபறிச்சானுக்கு நண்டு சொல்லியாயிற்று. குசினிக் கதவுக்கு உள்பக்கம் பூட்ட ஒரு புதுக் கொளுக்கியும் போட்டாயிற்று.