சுருண்ட ஃபிலிமும் அம்மாவின் பொட்டும்

அம்மா இறந்த மூன்றாம் நாளே எந்தப் படத்தை மாட்டுவது என்று அத்தை முடிவு செய்துவிட்டார். அப்பாவின் அக்கா அவர். கிள்ளானில் எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் அவரைக் கேட்காமல் நடந்ததில்லை. அம்மாவின் ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பதினாறாம் நாளுக்கு வைத்தால் போதும் என்றார். அண்ணன் தலையாட்டினான். அந்தப் படத்தில் அம்மா வெறும் நெற்றியோடு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர் மாதிரி இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா போனபோது அம்மாவுக்கு இருபத்தொன்பது வயது. அன்றோடு பொட்டும் போனது. பிறகு இருபத்து மூன்று வருடம் தொழிற்சாலை பஸ் ஏறி, ஷிப்ட் பார்த்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். வேலைக்குக் கிளம்பும்போது சில நாள் கண்ணாடி முன்னால் நின்று, நெற்றி நடுவில் விரலை வைத்து ஒரு நொடி அழுத்துவார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் கோபத்தில் பாதி என் மேலேயேதான், அதை மறைப்பானேன்.

பொட்டு வைத்த அம்மாவுக்குப் படமே இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். கல்யாண ஆல்பம் ஒரு வெள்ளத்தில் ஊறி அழிந்திருந்தது. அலமாரியை ஒதுக்கியபோது பிஸ்கட் டின்னுக்குள் ஒரு ஃபிலிம் டப்பா கிடைத்தது. அப்பா லோரி ஓட்டிய காலத்தில் இரவல் கேமராவில் எடுத்த கலர் ஃபிலிம். கழுவியிருந்தார், பிரிண்ட் போடவில்லை. வெட்டாமல் அப்படியே சுருட்டித் திணித்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். போர்ட் கிள்ளானில் லோரிப் படியில் உட்கார்ந்து அம்மா சிரிக்கிறார். நெகட்டிவ்வில் நிறமெல்லாம் மாறித் தெரிந்தாலும் நெற்றியில் பத்து சென் காசு அளவுக்கு இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? கையை விட்டதும் ஃபிலிம் மறுபடி சுருண்டுகொண்டது.

ஆனால் ஃபிலிம் முழுக்கப் பூஞ்சைப் புள்ளி. நேரே பிரிண்ட் போட்டால் முகத்தில் அம்மை போட்டது போல் இருக்கும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில்தான் துடைக்க வேண்டும். அந்தத் துண்டை வெட்டி, பிரிக்பீல்ட்ஸில் புதிதாக ஸ்கேனர் வாங்கியிருந்த ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோக்காரர் பெருமையாகப் படத்தை நீட்டினார்.

“எல்லாப் புள்ளியும் எடுத்தாச்சுக்கா. கிளீனா இருக்கு பாருங்க.”

பொட்டும் கிளீன்.

“பொட்டு எங்கண்ணே?”

“அது பொட்டா? ரொம்ப மங்கலா இருந்துச்சுக்கா. ஃபங்கஸ்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபிலிம் நடுவில் கூன் போட்டு ஸ்கேனர் கண்ணாடியை விட்டு எழும்பியிருந்தது. சரியாக அந்த இடத்தில்தான் அம்மாவின் முகம். லோரியின் டயர் துல்லியமாக விழுந்திருந்தது, அம்மா கலங்கிப்போயிருந்தார்.

அண்ணனுக்கோ ஏகப்பட்ட நிம்மதி. “நல்லதாப் போச்சுலா. அம்மாவும் சிரிக்கிறாங்க, அத்தையும் கத்த மாட்டாங்க. இதையே மாட்டிடலாம்.”

“அப்பா செத்தப்ப எல்லாரும் சேந்து ஒரு தடவ அழிச்சாங்க. இப்ப கம்ப்யூட்டர்ல இன்னொரு தடவயா?” என்றேன். அவன் எழுந்து போனான்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். அங்கேயும் ஃபிலிம் வைக்க வெளிச்ச மூடி உள்ள ஸ்கேனர் உண்டு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை சும்மா இருப்பேனா? ஃபிலிமை இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவில் வைத்து, மேலே தடித்த டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கினேன். மூன்று நாள் பாரம். எடுத்தபோது சாதுவாகப் படுத்திருந்தது. ஆபீஸ் ஏர்கானில் அரை மணி நேரம் இருந்ததும் காய்ந்து பழையபடி முதுகைத் தூக்கியது. சாதாரணக் கண்ணாடியை மேலே வைத்து அழுத்தினேன். தட்டையாகிவிட்டது, ஆனால் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியது போல் கலர் கலராக வளையங்கள், அதுவும் நெற்றி மேலேயே. உயிரோடு இருந்தபோதுதான் விடவில்லை, இப்போதும் விடமாட்டீர்களா என்று அந்த இயந்திரத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன்.

அப்புறம்தான் யோசனை வந்தது. சுருண்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஃபிலிமை அதன் டப்பாவைச் சுற்றிச் சுருட்டி, பருத்தித் துணியால் கட்டி இரண்டு நாள் வைத்தேன். படச்சட்டம் போடும் கடையில் வெளிச்சம் அடிக்காத சொரசொரப்புக் கண்ணாடி ஒரு துண்டு வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை ஃபிலிமின் மங்கிய பக்கத்தைக் கீழே வைத்து, பளபளக்கும் முதுகின் மேல் சொரசொரப்பு படும்படி அந்தக் கண்ணாடியை இறக்கினேன். வளையம் இல்லை, கூன் இல்லை. திரையில் அம்மா மெதுவாக மேலிருந்து கீழே வந்தார். முந்தானை வலது தோளில் கிடந்தது. கவிழ்த்து வைத்ததால் இடவலம் மாறியிருந்தது. திருப்பிவிட்டேன். பொட்டின் விளிம்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நானே துடைத்தேன்.

பிரிண்டை அண்ணன் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

“அம்மாவுக்குப் பல்லு இவ்ளோ அழகாவா இருந்துச்சு?” என்றான். அப்புறம், “அத்தகிட்ட நீயே சொல்லிக்க” என்றான். நான் சொல்லவில்லை.

பதினாறாம் நாள், கூடம் நிறைய ஆட்கள். படத்தை மூடியிருந்த துணியை அத்தைதான் எடுத்தார். மாலை போட்டார். விபூதி பூசக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

“யாருடி இது, தாலி அறுத்தவ படத்துக்குக் குங்குமம் வச்சது?” என்று கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“எவ்ளோ தேச்சாலும் போகாது அத்த. அது கண்ணாடிக்கு உள்ள இருக்கு. அம்மாவே வச்சிக்கிட்டது.”