உலை கொதித்துக்கொண்டிருந்த தெரு

எழுபதுகளின் தொடக்கம், தை மாதம். திருவாரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர, பாபநாசத்திலிருந்து கஞ்சி போட்ட வெள்ளை வாயில் சேலையில் தனியாகக் கிளம்பினேன். கையில் ஒரு பை, முதல் நாளாயிற்றே என்று அம்மா கட்டிக் கொடுத்த கல்கண்டுப் பொட்டலம், ஒரு வாரப் பத்திரிகை.

பஸ்ஸில் தனியாகப் போகும் பெண் கட்டாயம் எதையாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை என்று பக்கத்து சீட்டு அம்மாள் ஜாதகம் கேட்காத குறையாக விசாரித்துவிடுவார். அன்று நான் படித்தது ஒரு பேய்த் தொடர்கதை. பேய்க்கதை என்றால் எனக்குப் பைத்தியம்தான், ஆனால் மனக்குறையும் உண்டு. அதென்ன, எல்லாப் பேயும் பெண்ணாகவே இருக்கிறது? தலையை விரித்துப்போட்டுக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போய்வர ஒரு பெண் செத்துத்தான் ஆக வேண்டுமா? சினிமா இன்னும் மோசம். ஆளில்லாத பங்களாவுக்குள் கதாநாயகி, "யாருங்க அங்கே?" என்று கத்திக்கொண்டே போவாள். தியேட்டரில் முதலில் சிரிக்கிறவள் நான்தான்.

கதை சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மதகடியில் இறக்கிவிட்டார். "வாய்க்கா கரையோட நேரா போங்க, ஒரு தெரு வரும், அங்க வழி கேளுங்க" என்றார். உச்சி வேளை.

இருபுறமும் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஒரு ஆள் இல்லை. வரப்புகளில் அங்கங்கே சிவப்புக் கொடி. கூலித் தகராறு என்று பேப்பரில் படித்திருந்தேன். ஆனால் அறுவடைக் காலத்தில் வயல் இப்படி வாயடைத்துக் கிடக்கும் என்று நினைத்ததில்லை. என் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

தெரு வந்தது. வயலை ஒட்டி இருபது கூரை வீடுகள் இருக்கும். ஒருவரும் இல்லை. ஒரு வாசலில் உலை பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அம்மியில் பாதி அரைத்த மிளகாய், ஈரம்கூடக் காயவில்லை. ஒரு தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், குழந்தை இல்லை.

திரும்பி ஓடிவிடலாமா என்று வந்த வழியைப் பார்த்தேன். ஆனாலும் பொங்குகிற உலையைப் பார்த்துக்கொண்டு சும்மா போக மனம் வரவில்லை. விறகை வெளியே இழுத்துப் போட்டேன். பிறகு, எதைப் பார்த்துச் சிரிப்பேனோ அதையே செய்தேன். தெரு நடுவில் நின்று, "யாருங்க இருக்கீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து ஒரு ஆண் குரல், "அங்கடா!" என்றது.

பயந்து வயல் பக்கம் ஓடினேன். வரப்பில் கால் வைத்ததும், நெல்லுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு என் கணுக்காலைப் பிடித்தது. அலற வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதுவும் நல்லதாயிற்று.

"செருப்பக் கழட்டுங்க. களை எடுக்கற மாதிரி, நெல்லுக் குத்துக்கும் குத்துக்கும் நடுவுல கால வைங்க. பயிரு சாஞ்சா தடம் தெரிஞ்சிடும்" என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

நான் என்றைக்குக் களை எடுத்தேன்? தடுமாறித் தடுமாறிப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, நான் சாய்த்த நெல் தாளையெல்லாம் நிமிர்த்திவிட்டாள்.

உள்ளே அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குழந்தைகளோடு மண்ணில் படுத்திருந்தார்கள். காலையில் ஆண்களைப் போலீஸார் வேனில் ஏற்றிப் போய்விட்டார்களாம். பண்ணையாரின் ஆட்கள் தடியோடு வருவதைப் பார்த்ததும் இவர்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். வந்தவர்கள் அக்கரையில் தேடிவிட்டுத் திரும்பப் போகிற நேரத்தில்தான் நான் கத்தியிருக்கிறேன். அவள் இதைக் காதோடு சொன்னபோது எனக்கு அந்த மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

காலடிகள் வந்தன. தடியால் கதிரைத் தட்டிக்கொண்டே வந்து, வரப்பில் ஓரிடத்தில் நின்றன. அப்போதுதான் என் கையில் பத்திரிகை இல்லை என்று தெரிந்தது. வரப்பில் விழுந்ததை ஒருவன் எடுத்துவிட்டான். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. படிக்கிறான் பாவி, நின்று நிதானமாகப் படிக்கிறான்!

என் பக்கத்தில் ஒரு தாய் கைக்குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தாள். மூக்கும் சேர்ந்து பொத்தியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை, கண்ணை இறுக மூடியிருந்தாள். குழந்தையின் கால்கள் உதைத்தன. பிறகு மெதுவாக உதைத்தன. கையை எடுத்தால் அழும், எல்லோரும் மாட்டிக்கொள்வோம். எடுக்காவிட்டால் குழந்தை போய்விடும். முந்தானை முனையில் கல்கண்டை முடிந்து, எச்சிலில் நனைத்துக்கொண்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கொன்றுவிடுவாள் போலப் பார்த்தாள். முடிச்சைக் குழந்தையின் வாயில் வைத்தேன். அசைவில்லை. எனக்கு உயிரே இல்லை. பிறகு சப்பத் தொடங்கியது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்பது போலிருந்தது.

"எவளோ டவுன்காரிடா, ரோட்டுப் பக்கம் ஓடிட்டா" என்றது ஒரு குரல். காலடிகள் போயின. பத்திரிகையும் அவர்களோடு போயிற்று.

வெகுநேரம் கழித்து எழுந்தோம். பள்ளிக்கூடத்துக்கு வந்த புது டீச்சர் என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலைகுனிந்து நின்றேன். கணுக்காலைப் பிடித்தவள் சொன்னாள்: "உச்சி வெயில்ல வெள்ளச் சீலையோட தனியா வந்தீங்களா, மோகினின்னே நெனச்சிட்டோம் டீச்சரம்மா. அப்புறம் என் அடுப்புல வெறக இழுத்துப் போட்டீங்க. எந்த மோகினி அடுப்பு பாத்துச்சு? பொம்பளதான்னு காலப் புடிச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். குழந்தை இன்னும் என் முந்தானையை விடவில்லை.

அந்தத் தொடர்கதையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. பேய்ப்படங்களை இப்போதும் பார்க்கிறேன், கேலியும் பேசுகிறேன். ஆனால் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கதாநாயகி வாயைத் திறக்கும்போது மட்டும் என் கை தானாக முந்தானை முனையைத் தேடும், ‘கத்தாதேடி, உள்ளே குழந்தை இருக்கு’ என்று மனசு கெஞ்சும்.