ராய்ஸ்டன் ஊர்சுற்றப் போன ஞாயிறு

மர்ட்டில் ஹன்னஃபோர்டுக்கு நடை என்றாலே ஆகாது. டார்ட்மூர் மேட்டில் பிறந்து, அதே மேட்டில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுசை நின்றே கழித்தவள். "நாள் பூரா நிக்கறவ ஞாயித்துக்கெழமையாவது உக்கார வேணாமா" என்பாள். அவளுக்கு வாய்த்த ராய்ஸ்டனோ பால் லாரி ஓட்டியவர். வாரமெல்லாம் உட்கார்ந்தே இருந்த அந்த மனுஷனுக்கு ஞாயிறு விடிந்தால் கால் வீட்டில் நிற்காது. மழையோ காற்றோ, கறி அடைத்துச் சுட்ட ஒரு பாஸ்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு பெட்டி தேடக் கிளம்பிவிடுவார்.

பெட்டி தேடுவது எங்கள் பக்கத்துப் பைத்தியம். பாறையிடுக்கில் ஒரு டப்பா இருக்கும், அதற்குள் ஒரு ரப்பர் முத்திரையும் சின்ன நோட்டும். குறிப்பைப் படித்து, திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு, நம் முத்திரையை அங்கே குத்திவிட்டு, இருந்த மாதிரியே மூடிவைத்துவிட்டு வரவேண்டும். பரிசு, பாராட்டு ஒன்றும் கிடையாது. நனைந்த காலுறைதான் மிச்சம்.

இதில் குயில் என்று ஒரு வகை உண்டு. குயிலுக்கு ஏது சொந்தக் கூடு? அந்த டப்பாவைக் கண்டவர் அங்கேயே விட்டுவரக் கூடாது. கையோடு எடுத்துப்போய் வேறோர் இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும். அடுத்து கண்டவர் இன்னோர் இடத்துக்கு. அப்படியே மேடு முழுக்கச் சுற்றும். ராய்ஸ்டன் இந்தக் கதையெல்லாம் ஞாயிறு தோறும் சாப்பாட்டு மேஜையில் அளந்துகொண்டுதான் இருந்தார். மர்ட்டில் காது கொடுத்தால்தானே.

போன வருஷம் பனிக்காலத்தில் ராய்ஸ்டன் போய்ச் சேர்ந்தார். சாம்பலை என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியவந்தது அக்டோபர் மாதம் நான் நடத்திய சரித்திர வேட்டை அன்றுதான்.

என் பெயர் டோரீன் காண்டர். எங்கள் லிட்டன்கூம் ஊரின் சரித்திரக் கழகத்தை நான்தான் நடத்துகிறேன், வேறு யாரும் முன்வராததால். இந்தத் தடவை, மேட்டில் தகரம் தோண்டி உருக்கிப் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு வேட்டை வைத்தேன். நடைபாதை நெடுக ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நானே செதுக்கிய முத்திரை: மண்வெட்டி, துருத்தி, உலை, அந்த மாதிரி. பழைய கல்வரிசைகளில் ஒரு கூழாங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று குறிப்புத்தாளின் தலையிலேயே எழுதிவிட்டேன். ஆட்களைப் பாதைக்கு அனுப்பிவிட்டு ஊர்க் கூடத்தில் டீக்கு ஸ்கோன் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மர்ட்டில் உள்ளே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரக் காணோம்டி."

"யார?"

"ராய்ஸ்டன."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. தலை சுற்றியது அவளுக்கா எனக்கா என்றே தெரியவில்லை. "உக்காரு கண்ணு. தண்ணி குடி" என்றேன்.

"தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம். கால்வாய் ஓரத்துல, சாஞ்ச கல்லுக்கு அடியிலதான் வச்சிருந்தேன். நீல மூடி டப்பா. மேல அவரோட முத்திரையையும் போட்டு வச்சேன், அது இல்லாம அவரு எங்கயும் போனதில்லையே. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் போயி பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு வருவேன். இன்னிக்குப் போறேன், கல்லு இருக்கு, ஆள் இல்ல."

கார் நிறுத்துமிடத்திலிருந்து அவள் முழங்கால் தாங்குகிற தூரத்தில், தட்டையான தரையாகப் பார்த்து அவரை வைத்திருக்கிறாள். பாழாய்ப்போன அதே கால்வாய்க் கரையில்தான் என் இரண்டாம் பெட்டியும் இருந்தது. அதே மாதிரி ஒரு சாய்ந்த கல்லுக்கு அடியில்.

"நம்ம ஆளுங்கதான் எடுத்திருப்பாங்க. திரும்பி வந்ததும் மைக்குல சொல்லிடறேன், ஒரு நிமிஷத்துல வந்துரும்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாத. என்னத்தச் சொல்லுவ? அந்த டப்பாக்குள்ள கைய விட்டவங்க எத்தன பேரோ. வந்து அதே கையால ஸ்கோன் திம்பாங்க. பாவம்டி. எனக்கு அவரு திரும்பக் கெடச்சாப் போதும். எல்லாத்தையும் எனக்குத் தா. யாருக்கும் தெரிய வேணாம்."

கூடத்தை அப்படியே போட்டுவிட்டு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். எதிரே பெட்டுலா வந்தாள். கடைத்தெருவில் முடி வெட்டுகிற பெண். வாய் ஓயாது, மனசு தங்கம்.

"நீல மூடி போட்ட டப்பா ஒண்ணு பாத்தியா?" என்றேன்.

"குயில்தான? நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன். வேற கல்லப் பெரட்டிட்டேன் போல. பேரும் இல்ல, எண்ணும் இல்ல, நோட்டும் இல்ல. சரி, குயிலுன்னு தூக்கிட்டுப் போயி மூணாம் பெட்டிப் பக்கத்துல வச்சேன். அந்த உலைச் சாம்பல் வச்சீங்க பாருங்க, அருமையான யோசன. பழைய காலத்து ஆளுங்களத் தொட்ட மாதிரியே இருந்துச்சு."

"தொட்டியா?" என்றாள் மர்ட்டில்.

"லேசா, விரல் நுனியில. மெத்துன்னு இருந்துச்சு. ஏன், தொடக் கூடாதா?"

மர்ட்டில் பெட்டுலாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "தொடலாம் கண்ணு, பரவால்ல" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு எங்கிருந்து அந்தப் பொறுமை வந்ததோ. என் புருஷனாக இருந்திருந்தால் பெட்டுலா அன்றைக்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் பெட்டி பழைய தண்டவாளப் பாதையில், சமதரையில்தான் இருந்தது. மர்ட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அங்கே நீல மூடி டப்பா இல்லை. என் பெட்டியைத் திறந்தால், முத்திரைக்கும் நோட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு கைப்பிடி அளவு சாம்பல்.

மர்ட்டில் அந்தப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது அவருதானா?" என்றாள்.

"எனக்கென்னடி தெரியும்?"

"மிச்சம் எங்க?"

அவள் அந்தப் பையை எடுத்து மேல்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

திரும்பி வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாம்பலா, நாலாம் பெட்டியில் பார்த்தோமே என்றது ஒரு குடும்பம். இல்லையே, ஆறாவதில்தான் இருந்தது, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள் இரண்டு பெண்கள். அஞ்சாவதில், சத்தியமாக அஞ்சாவதில் என்றார் நாயோடு வந்த ஒருவர். மூடி நீலமா என்றால் மூடியே இல்லை, பைதான் என்றார்கள் மூன்று தரப்பும். உயிரோடு இருந்தபோது ராய்ஸ்டன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. செத்த பிறகு எப்படி இத்தனை இடத்தில் இருப்பார்? வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மர்ட்டிலைக் கூடத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

கடைசி ஆளாக வந்தார் ஆம்ப்ரோஸ் லஸ்கம். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் ரோமாபுரியிலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் கையில் நீல மூடி டப்பா இருந்தது.

"டோரீன், அசத்திட்டம்மா. மூணாம் பெட்டிகிட்ட இதப் பாத்தேன். உலைச் சாம்பலேதான், மோந்து பாத்த உடனே தெரிஞ்சிருச்சு. குறைஞ்சது முன்னூறு வருஷம் இருக்கும். ஒரே எடத்துல கெடந்தா பின்னால வர்றவங்க பாக்க வேணாமா? என்கிட்ட கல்லு மண்ணு சேகரிக்கற சின்னப் பைங்க இருந்துச்சு. மூணுலேர்ந்து ஏழு வரைக்கும் ஒவ்வொரு பெட்டியிலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுட்டு வந்தேன். மிச்சத்த உன்கிட்டயே குடுத்துடலாம்னு கொண்டாந்தேன்."

என் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது, மர்ட்டில் எழுந்து என் காலை மிதித்தாள். அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"இது என்னோட டப்பா சார். தவறிப்போயி அங்க வச்சிட்டேன்."

"உங்களோடதா? அப்ப இந்தச் சாம்பல்?"

"வீட்டுச் சாம்பல்."

"அடுப்புச் சாம்பலா?" ஆம்ப்ரோஸ் முகம் தொங்கிப்போயிற்று. ரோமாபுரி அன்றைக்குக் கிளம்பவே இல்லை. ஒரு ஸ்கோனை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

காரில் வைத்து மர்ட்டில் மூடியைத் திறந்தாள். முத்திரை பத்திரமாக இருந்தது. அவர்தான் குறைந்துபோயிருந்தார். மேல்சட்டைக்குள்ளிருந்த பையை எடுத்துக் கொட்டினாள். அப்படியும் நிரம்பவில்லை. அவள் அழுததை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன், சாவு வீட்டில்கூட அழாதவள்.

"வாழ்நாளெல்லாம் வீட்டுல தங்காத மனுஷன். இப்பவாவது என் பக்கத்துல கெடப்பாருன்னு நெனச்சேன். அதுக்கும் குடுத்து வைக்கல எனக்கு."

"நாளைக்கே போயி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். "என் பெட்டிதான, என் கண்ணக் கட்டிவிட்டாலும் போயிருவேன்."

"நீ எதுக்குப் போற? என் புருஷன். நான் போறேன்."

போனாள். முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு, இரண்டு கைத்தடியோடு, ராய்ஸ்டனின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளில் என்னோடு வந்தாள். வழியெல்லாம் திட்டுதான். பாறையைத் திட்டினாள், சேற்றைத் திட்டினாள், வழியை மறித்து நின்ற மட்டக்குதிரைகளைத் திட்டினாள். இதையா இந்த மனுஷன் சுகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான்தான் அவரைக் கெடுத்த மாதிரி. நாலாம் பெட்டியை அவளேதான் கண்டுபிடித்தாள். அஞ்சாவதை நான் காட்ட வந்தபோது, "வாய மூடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். பையை எடுத்து டப்பாவில் கொட்டுவாள், மூடியை அழுத்தி மூடுவாள், பெட்டியை இருந்த மாதிரியே வைப்பாள். ஆறாவதில் அவர் முத்திரையை எடுத்து, பெட்டிக்குள்ளிருந்த நோட்டில் ஒரு தடவை குத்தினாள்.

ஏழாம் பெட்டி ஹாக் டோர் பாறைக்குன்றின் உச்சியில் இருந்தது. உலை மூட்டியவர்கள் அங்கிருந்துதான் காற்றின் போக்கைப் பார்த்தார்கள் என்று நானே கதை கட்டி அதை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாதி ஏற்றத்தில் அவள் முழங்கால் விட்டுவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதான்டி" என்றாள்.

"நீ இங்கயே இரு. நான் ஓடிப்போயி எடுத்துட்டு வந்துடறேன்."

"எடுக்காத."

"என்னடி சொல்ற? எல்லாத்தையும் தான்னு கேட்டவ நீதான?"

"ஆமா, கேட்டேன். இவ்வளவு வருஷம் கூப்பிட்டாரு, ஒரு ஞாயித்துக்கெழம வாடின்னு. நான் வரல. அந்தக் கொஞ்சம் அங்கயே இருக்கட்டும். நான் வரலன்னா அவருக்கு ஒண்ணும் புதுசில்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கைத்தடியால் மேலே காட்டினாள்.

"நீ போ. போயி நான் இங்க இருக்கேன்னு சொல்லு. இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு சொல்லு."

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. செத்தவரிடம் பேசுவதெல்லாம் வேலையற்ற வேலை என்று நினைக்கிறவள் நான். இருந்தாலும் ஏறினேன். உச்சியில் யாரோ வெளியூர்த் தம்பதி பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை எடுத்தேன், திறந்தேன், பை இருந்தது. அந்த இரண்டு பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் என்னையே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ராய்ஸ்டன்," என்றேன், காற்றின் இரைச்சலை மீறிக் கேட்கிற மாதிரி, "மர்ட்டில் கீழ இருக்கா. பாதி மலை ஏறி வந்திருக்கா."