ஒரு காது பாக்கி

என் தங்கை மகளின் காதுகுத்துக்குத் தகரப் பந்தல் எதற்கு, மழை வராது, வெறும் சாமியானா போதும் என்று சொன்ன அறிவாளி நான்தான். மொட்டைமாடியில் ஒரு மழைமானி, கைபேசியில் மூன்று வானிலைச் செயலிகள். இவ்வளவுதான் என் தகுதி. மதுரை கோச்சடையில் என் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் துணி காயப்போடுமுன் என்னைக் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள்தான் கேட்டுத் தொலைக்கிறார்கள்.

அதற்கு முந்தைய அனுபவங்களும் பெருமைப்படும்படி இல்லை. வறண்ட வைகையில் எழுந்த சுழல்காற்றைப் படம் பிடிக்க ஓடி, கண் மருத்துவரிடம் போய் நின்றிருக்கிறேன். சூரியனைச் சுற்றி வட்டம் விழுந்த ஒரு மதியம், நாளைக்கு மழை என்று தெருவுக்கே அறிவித்தேன். மறுநாள் அடித்த வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

காதுகுத்து உசிலம்பட்டிப் பக்கம், கூரையில்லாத எங்கள் குலசாமி கோயிலில். மூன்று வேன்களில் போயிருந்தோம். சுற்றிலும் உழுது போட்ட மானாவாரி நிலம். அதில் உயரமாக நின்றவை இரண்டே: கோயிலை ஒட்டி ஒரு புளியமரம், சற்றுத் தள்ளி ஒரு பனை. காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய விசேஷம். ஆனால் சாமிக்கு நிறுத்திய கெடா, மஞ்சள் தண்ணீர் தெளித்தும் உடம்பை உலுக்கிச் சம்மதம் சொல்லவில்லை. குடம் குடமாக ஊற்றினோம். எங்களை ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்ததோடு சரி. அது ஒருவழியாக உலுக்கியபோது காலை நல்ல நேரம் போய்விட்டது. அடுத்தது மூன்றேகால் மணிக்கு.

மூன்று மணிக்கு மேற்கே மேகம் திரண்டது. அடிவானம் முழுக்க ஒரே கரிய தட்டாக நீண்டு, அதற்கு முன்னால் செம்புழுதியைச் சுவர்போல் தள்ளிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாகப் படங்களில் பார்த்து நான் ஏங்கிய மேகம் அது. நேரில் வந்தபோது படம் பிடிக்கக் கைபேசியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. காற்று முதல் வேலையாகச் சாமியானாவைப் பிடுங்கி உழுத காட்டில் எறிந்தது. குழந்தை குட்டிகளோடு கூட்டம் மொத்தமும் புளியமரத்தடிக்கு நகர்ந்தது. காது குத்த வந்த ஆசாரி அங்கேயே மணையைப் போட்டார்.

குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். உட்காரவைத்துக்கொண்டேன். மூன்று வயது, என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மின்னியது. மனசுக்குள் நொடிகளை எண்ணினேன். பன்னிரண்டில் இடித்தது. அப்படியென்றால் நான்கு கிலோமீட்டர். அடுத்த மின்னலுக்கு ஒன்பதிலேயே இடித்தது. இடி எங்களை நோக்கித்தான் வருகிறது. நாங்களோ வெட்டவெளியின் ஒற்றை மரத்தடியில்.

"எல்லாரும் மரத்தவிட்டு வெளிய வாங்க. வேன்ல போயி ஏறுங்க," என்றேன்.

"மச்சான், நேரம் போகுது. கம்முன்னு உக்காருங்க," என்றார் தங்கை கணவர்.

"வானிலை அறிக்கைய அப்புறம் வாசிக்கலாம்ணே. புள்ளையப் பிடி," என்றாள் தங்கை.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "மொதல்ல மழையே வராதுன்னீக. இப்ப இடி விழும்ங்கிறீக. நாங்க எதத்தான்யா நம்புறது?" என்றார். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அவர் கேட்டது நியாயம்.

ஆசாரி வலது காதில் குத்தினார். அதே நொடி மின்னியது. குழந்தை வீறிட்டதில் எண்ணிக்கை குழம்பியது. ஐந்தா, ஆறா? தப்பாக எண்ணியிருந்தால் ஆயுளுக்கும் கேலி. சரியாக எண்ணியிருந்தால்? அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது. ஒரு காது பாக்கியிருக்கும்போது எந்தத் தாய்மாமனும் மணையைவிட்டு எழுந்ததாக எங்கள் வம்சத்தில் தகவல் இல்லை. நான் எழுந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினேன்.

ஒற்றைக் காதுக் குழந்தையோடு ஒருவன் ஓடினால் கூட்டம் சும்மா நிற்குமா? திட்டிக்கொண்டே துரத்தியது. "ஏய், புள்ளைய எங்க கொண்டு போற?" என்று அலறியபடி வந்த தங்கை முதலில் ஏறினாள். பின்னால் வந்தவர்கள் மூன்று வேன்களிலும் முண்டியடித்து ஏறினார்கள். கடைசியாக ஆசாரி, கையில் ஊசியோடு.

கதவை அடைத்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெள்ளையானது. எண்ணுவதற்கு இடமே இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. தள்ளி நின்ற பனையின் உச்சி புகைந்தது. புளியமரம் அப்படியே நின்றது. பிறகு மழை கொட்டியது. இரண்டாவது காதைப் பின்சீட்டில் வைத்தே குத்தினார்கள். என் பிடி நழுவியதா, ஆசாரியின் குறி தப்பியதா, தெரியாது.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, கம்மல் போட்டுப் பாத்தோம். இடது பக்கம் ஒரு நூல் மேல நிக்குது. வளந்தா சரியாயிரும்னு ஆசாரி சொல்லிட்டாரு."

"அப்பாடா, நல்லதும்மா," என்றேன்.

"அவளுக்குச் சொன்னாருண்ணே. வளந்து முடிச்ச உனக்கு இனிமே எங்கிட்டுச் சரியாக!"